ஓட்டுநர் பக்கம்

மடல் எண் 7
இலஞ்சி, 7 ஏப்ரல் 2025, திங்கட்கிழமை, பிற்பகல் மணி 4.20
பொருள்: ஜீப்பின் பின்புற பம்பர் மற்றும் ஸ்டெப்னி தாங்கி, எனது மடல் எண் 3ஐத் திரும்பப் பெறுதல்

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

இன்று முற்பகல் பத்தே முக்காலுக்கு உங்கள் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நீங்கள் போனபின் அவர்கள் வீட்டோடு இருந்த இத்தா முடிந்து, நோன்புப் பெருநாளும் கழிந்தபின் அவர்கள் வெளியே வருவது இதுவே முதல் தடவையாம். கையில் வெல்டிங் ராடு வைத்து வரும் அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பட்டறையை ஒழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, மேசை இழுப்பறையில் இது கிடந்தது, எல்லாம் அண்ணாச்சி கையெழுத்து, பழைய பேப்பர் கடையில் போட மனம் வரவில்லை என்று சொல்லி என் மேசைமேல் வைத்தார்கள். மூடியைத் திறந்ததும் உங்கள் பட்டறையே வந்து அறைக்குள் நின்றதுபோல் இருந்தது. கருகிய இரும்பு, கிரீஸ், அவற்றுக்கு அடியில் நீங்கள் நாள் முழுக்கக் குடிக்கும் சுக்குக் காப்பி.

உள்ளே நான் உங்களுக்கு எழுதிய ஆறு மடல்களும் எண் வரிசை பிசகாமல் இருந்தன. ஸ்பானரைக்கூட எடுத்த இடத்தில் வைக்காத நீங்கள் இவற்றை வரிசையாக வைத்திருந்தது முதல் வியப்பு. இரண்டாவது வியப்பு மடல் எண் 2இல் இருந்தது. அதைப் படித்த பிறகே, சென்ற ஆண்டு ஜூன் 19 தொடங்கி இன்றுவரை, ஒன்பது மாதம் பத்தொன்பது நாள், உங்களைக் குறித்து நான் ஒரு தவறான எண்ணத்தை வைத்திருந்தேன் என்று அறிந்தேன். நீங்கள் இருந்த காலத்திலும் வைத்திருந்தேன். நீங்கள் போன பிறகும் வைத்திருந்தேன்.

நடந்ததை முறைப்படி எழுதுகிறேன். இதில் உங்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது 2023 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. அறுவைக்குப் பின் பிடித்துக்கொண்டு நான்கு அடி நடப்பாள். அதற்கு மேல் சக்கர நாற்காலிதான். தாழ்ந்த இருக்கை உள்ள காரில் அவளால் உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. என் பழைய ஜீப்பின் இருக்கையோ அவள் இடுப்பு உயரம். ஒரு பலகையில் ஏறி நின்று, பின்பக்கமாக உட்கார்ந்து, காலைத் திருப்பிக்கொண்டால் போதும். தொல்லை நாற்காலியால் வந்தது. அதைப் பின்கதவு வழியாகத்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கதவோ ஸ்டெப்னி டயரைச் சுமந்து சுமந்து கீலிலிருந்து இறங்கிப்போயிருந்தது. ஒரு கையால் கதவைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கொண்டியை இழுக்க எழுபத்தொரு வயதில் எனக்குத் தெம்பில்லை. வீட்டில் வேறு ஆளும் இல்லை. மருத்துவமனைக்குப் போகும்போது மட்டும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவேன். மற்றபடி பதின்மூன்று மாதம் அவள் வாசற்படி தாண்டவில்லை. ஒரே ஒரு முறை, "இந்த சீசனுக்காவது அருவியப் பாத்துருவமா?" என்று கேட்டாள். மறுமுறை கேட்கவில்லை.

இதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் வந்து கதவைத் தூக்கிப் பார்த்தீர்கள். "கதவுக்கு என்ன தலையெழுத்து அண்ணாச்சி, டயரச் சொமக்கணும்னு? டயருக்குத் தனியா ஒரு கை வச்சிருவோம்" என்றீர்கள். பழைய பம்பரைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைத்த கனமான இரும்புப் பம்பர். அதன் ஒரு முனையில் கீல். அந்தக் கீலில் சுழலும் ஒரு கை. அந்தக் கையில் டயர். கையைத் திறந்தால் கதவுக்குப் பாரமே இராது. மஸ்கட்டில் மணலில் ஓடும் வண்டிகளுக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் இதே வேலையைச் செய்தவர் நீங்கள்.

மருத்துவமனைத் தேவை கருதி ஜீப்பை ஒரு நாளுக்கு மேல் பட்டறையில் விட முடியாது என்று நான் சொன்னதால், வண்டியில்லாமல், அளவுகளை மட்டும் வைத்துச் செய்வதாக ஒப்புக்கொண்டீர்கள். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைவாளராக இருந்தவன் அளவு கொடுப்பதென்றால் வாய்ச்சொல்லாகவா கொடுப்பான்? 2024 மே 6, திங்கட்கிழமை, மடல் எண் 2 எழுதினேன். நான்கு பக்கம், பதினேழு பத்தி. நீங்கள் படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். "இது பம்பரா, பத்திரமா அண்ணாச்சி? சாச்சிக் கையெழுத்து ஒண்ணுதான் இல்ல."

ஜூன் 15, சனிக்கிழமை, பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னர், பூட்டும் வேலை நடந்தது. பழைய போல்ட்டுகள் துருவேறி இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து ஒன்பது நாற்பதுக்கு எல்லாவற்றையும் கழற்றினீர்கள். புதிய பம்பரை ஜாக்கியில் ஏற்றி, எட்டு போல்ட்டையும் விரலாலேயே திருகி நிறுத்தினீர்கள். முதல் போல்ட்டை முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாமே என்றேன். "மொதல்ல உக்காரட்டும் அண்ணாச்சி. உக்காராததை முறுக்குனா ஆயுசுக்கும் கோணல்தான்" என்றீர்கள். நான் எஃகு அளவுகோலை வைத்து இரு முனையிலும் இடைவெளி பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். மறுபடி தளர்த்தச் சொன்னேன். தளர்த்தினீர்கள். பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. டயரோடு அந்தக் கை ஒற்றை விரலுக்குச் சுழன்றது. கதவும் ஒற்றை விரலுக்குத் திறந்தது. இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்த நான், கை எந்தப் பக்கமாகத் திறக்கிறது என்று பார்க்கவில்லை.

ஜூன் 19, புதன்கிழமை, காலை ஆறரைக்குக் குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். என் மனைவி முன்னிருக்கையில், இடப்பக்கம், ஓரத்தை ஒட்டி. பின்னால் போய்க் கையைத் திறந்தேன். அது இடப்பக்கமாகத் திறந்து, எனக்கும் அவளுக்கும் நடுவே சுவர்போல நின்றது. பின்னால் ஒரு வேன் ஒட்டி நின்றதால் சுற்றிவரவும் இடமில்லை. நாற்காலியை நடுச்சாலைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த மினி பஸ் ஒலி எழுப்பியது, நான் ஒதுங்கினேன், நாற்காலி கவிழ்ந்தது. விழுந்தது நாற்காலிதான். ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, பஸ் வந்ததும் நான் மறைந்ததும் மட்டுமே தெரிந்தது. நான் கதவருகே வந்தபோது அவள், "போதும். வீட்டுக்குப் போவோம். இனிம என்னைய எங்கயும் கூட்டிட்டுப் போவாண்டாம்" என்றாள். அருவியின் ஓசை கேட்கும் தூரத்திலிருந்து திரும்பினோம்.

அன்று முற்பகல் பதினொன்றே காலுக்கு மடல் எண் 3 எழுதினேன். இன்று அதை மீண்டும் படித்தேன். "எனது மடல் எண் 2, பத்தி 9இல், கீல் வலப்பக்கம் அமைய வேண்டும் எனத் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தும், தாங்கள் அதைப் படிக்கவே இல்லை என அறிகிறேன்." இதோடு நின்றிருக்கலாம். "அரபு நாட்டில் செய்த வேலையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்" என்றும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதன்கீழ் என் கையொப்பமும் இருக்கிறது.

மறுநாள் மாலை நீங்கள் வந்தீர்கள். நான் எழுத்து வேலையாக இருப்பதாகச் சொல்லியனுப்பிவிட்டு அறைக்குள்ளேயே இருந்தேன். நாற்காலி எந்த வழியாக வர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் குனிந்து என் மனைவியைக் கேட்பதைச் சன்னல் வழியே பார்த்தேன். நெடுநேரம் பேசினீர்கள். 24ஆம் தேதி, திங்கட்கிழமை, பம்பரைக் கழற்றி, கீலை அறுத்து வலப்பக்கம் வைத்து, கொண்டியை இடப்பக்கம் மாற்றி, விளக்கையும் நம்பர் பலகையையும் இடம் பெயர்த்து, மறுபடி பூட்டித் தந்தீர்கள். ஒரு நாள் முழுவதும் நின்ற வேலை. மாலையில் கையைத் துடைத்துக்கொண்டே, "தப்பு நம்ம மேலதான் அண்ணாச்சி. மஸ்கட் கை. கழுவுனாலும் போவ மாட்டேங்குது" என்றீர்கள். நான் "பரவாயில்லை" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாக அப்போது நினைத்தேன்.

உங்கள் சொல்லுக்காகவே அவள் மீண்டும் வரச் சம்மதித்தாள். ஜூன் 27, வியாழக்கிழமை, காலை ஆறு பத்து. நீங்கள் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தீர்கள். கை வலப்பக்கமாகத் திறந்து, இந்த முறை சாலைக்கும் எனக்கும் நடுவே சுவராக நின்றது. நாற்காலி ஓரத்து வழியே நேராக அவளிடம் போயிற்று. அருவிக்கு எதிரே முப்பத்தைந்து நிமிடம் இருந்தாள். சாரலில் மூக்குக்கண்ணாடி மங்கிப்போயிற்று. முன்பின் தெரியாத ஒரு பெண் துடைத்துத் தரட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம்மா, தண்ணி விழுதது தெரியணும்லா" என்றாள். அதன்பின் இன்றுவரை அந்த ஜீப்பில் இருபத்து மூன்று முறை வெளியே போயிருக்கிறாள். குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது மடல் எண் 2, பத்தி 9. உங்கள் கையில் இருந்த அசல். அதில் "வலப்பக்கம்" என்ற சொல் இல்லை. "கீல் ஓட்டுநர் பக்கம் அமைய வேண்டும்" என்று இருக்கிறது. "ஓட்டுநர் பக்கம்" என்ற இரு சொல்லையும் சுற்றி, இரும்பில் குறியிடும் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

என் கோப்பினை எடுத்தேன். அதில் இருப்பது நான் முதலில் எழுதிய கரட்டுப் பிரதி. அதில் "வலப்பக்கம்" என்றே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் மடல் எண் 3 எழுதினேன். செவ்வையாகப் படியெடுத்தபோது எனக்கு ஓர் ஐயம் வந்தது இன்று நினைவுக்கு வருகிறது: வலம் என்றால் வண்டிக்கு வலமா, எதிரே நின்று பார்ப்பவருக்கு வலமா? குழப்பத்துக்கு இடம் தரலாகாது என்று "ஓட்டுநர் பக்கம்" என மாற்றினேன். கரட்டில் திருத்த மறந்தேன். மஸ்கட்டில் ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம்; இருபத்து நான்கு ஆண்டுகள் பழகிய உங்கள் கைக்கு அதுவே ஓட்டுநர் பக்கம். வண்டியே இல்லாத மேசைமேல், என் சொல்லை மட்டும் வைத்து, நீங்கள் நான் எழுதியதைத்தான் செய்தீர்கள். நிலங்களின் நாற்புற எல்லையை, நான்கு மால், எழுதியே பிழைத்தவன் நான். எவன் நிலத்துக்காவது "உரியவர் பக்கம்" என்று எல்லை எழுதியிருப்பேனா?

பன்னிரண்டு மணிக்கு என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல், "தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலம் பாய் வந்தாவள்லா, அப்பமே சொன்னாவ. ஒங்க காயிதம் சட்டப்பையில இருந்துச்சு."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லிராதிய மதினின்னாவ. அண்ணாச்சிக்கு எழுத்துல தப்பு வந்துட்டுன்னு தெரிஞ்சா பெறகு பேனாவத் தொட மாட்டாவ. வெல்டிங்க வெட்டி ஒட்டிரலாம்னாவ."

கீரை ஆய்ந்து முடியும்வரை நான் அங்கேயே நின்றேன்.

பாய், சென்ற நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, உங்களை அடக்கம் செய்துவிட்டு வந்து பள்ளிவாசலுக்கு வெளியே நின்றிருந்தபோது உங்கள் மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான் ஒங்களப் பத்தியேதான் பேசுவாவ" என்றார். அதற்கு நான், "நல்ல மனிதர். கொஞ்சம் கவனக்குறைவு, அவ்வளவுதான்" என்றேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில் அதைச் சொன்னேன். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தச் சொல் பிழை என்றும், கவனக்குறைவு என்னுடையது என்றும், காரணத்தோடு சொன்னேன். "இத எங்கிட்டகூடச் சொல்லலியே அண்ணாச்சி" என்றார் அவர்.

என்னிடம் இனி இருக்கப்போவது அந்தப் "பரவாயில்லை". மன்னிக்க வேண்டிய நீங்கள் எதிரே நிற்க, மன்னிப்பவன்போல நான் சொன்ன சொல். அதை அடித்துத் திருத்த எந்தத் தாளிலும் இடம் இல்லை. எனவே அது என்னோடு இருக்கட்டும். எழுதுவதை நிறுத்த மாட்டேன். நிறுத்தினால் நீங்கள் அறுத்து ஒட்டிய ஒரு நாள் வேலை வீணாகும்.

இம்மடலை அதே பெட்டியில் வைத்து உங்கள் மனைவியிடம் ஒப்படைக்கிறேன். அவர்கள் படித்தால் படிக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
அண்ணாச்சி

இணைப்பு:
1. மடல் எண் 2, அசல், நான்கு பக்கம். பத்தி 9இல் தாங்கள் இட்ட வட்டம் அப்படியே உள்ளது. அதன் அருகில் "பிழை எழுதியவருடையது" எனக் குறித்து, இன்றைய தேதியிட்டுக் கையொப்பமிட்டுள்ளேன்.
2. மடல் எண் 3, ஒரு பக்கம். குறுக்கே கோடிட்டு, "திரும்பப் பெறப்பட்டது" என எழுதப்பட்டுள்ளது.
3. மடல் எண் 2இன் கரட்டுப் பிரதி, ஐந்து பக்கம். இதை என் கோப்பில் வைத்திருக்க எனக்கு இனி உரிமை இல்லை.