மாத்திரைக்கு மீன் ஆகாது

அக்கா, இன்று காலை பக்கத்து வீட்டில் மீன் வறுக்கிற வாசனை ஜன்னல் வழியாக வந்தது. வேறு யாருக்காவது நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வந்து உன் மகளோடு ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

நீ ஒன்றும் விவரம் இல்லாதவள் அல்ல. கீர்த்தி பாதிக் கணக்கில் எழுந்துபோய் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு நிற்பாள். டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்வாள். தண்ணீர் பாட்டில் எத்தனை தொலைத்தாளோ, கடைக்காரருக்கே நம்மைப் பார்த்தால் சிரிப்பு. பள்ளியில் அதைத் திமிர் என்றார்கள். உன் மாமியார் கண்ணேறு என்றார். நம் அம்மா தன் பங்குக்கு வல்லாரைக் கீரையைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்பினாள். நீ மட்டும்தான் யார் பேச்சையும் காதில் வாங்காமல் தாம்பரத்தில் குழந்தைகள் மனநல டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனாய். நானும் கூட வந்தேன்.

அந்த டாக்டரம்மா பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு ஏடிஎச்டி என்றார். “இது குறும்பும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்லம்மா. ஒரு விஷயத்துல நிக்கறது அவ மூளைக்குக் கஷ்டம். மாத்திரையும் வேணும், பக்கத்துல உக்காந்து பழக்கியும் விடணும்.” வெளியே வந்ததும் நீ ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலில் நின்று அழுதாய். “இத்தனை வருஷமா எம்புள்ளைய எல்லாரும் சும்மா திட்டித் தீத்துட்டோமேடி” என்றாய். அன்று உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அவ்வளவு தெளிவாக இருந்தவளுக்கு அந்தப் பத்தியப் புத்தி எங்கிருந்து வந்து தொலைத்தது? மீன் சாப்பிடுகிற நாளில் மாத்திரை கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டாய். “இங்கிலீஷ் மருந்துக்கு ஏதுக்கா பத்தியம்?” என்றேன். “மருந்துன்னா மருந்துதான்டி.” “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்.” “அந்தம்மா சைவம். மீனைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?” நான் சிரித்துவிட்டேன். எப்போதாவது ஒரு நாள்தானே, போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு நீ போய்விட்டாய். நான் உன் வீட்டு மாடிப் போர்ஷனுக்கே குடிவந்தேன். கேளம்பாக்கத்தில் வேலை முடிந்து வரும்போது மாமா புதன்கிழமை கோவளம் போய் மீன் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே வண்டியை எடுப்பார். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆக, புதன் போச்சு, வியாழன் போச்சு, ஞாயிறு போச்சு, திங்களும் போச்சு. அப்பாவும் பெண்ணும் உன் சட்டத்தை அணுவளவும் மீறவில்லை. பள்ளியில் பரீட்சை வைப்பதோ திங்கட்கிழமை.

ஒரு முறை போனபோது டாக்டர் குழம்பிப்போயிருந்தார். ஒரு நாள் நன்றாக எழுதுகிறாள், மறுநாள் வெள்ளைத்தாளைக் கொடுக்கிறாள், மருந்தைக் கூட்டலாமா என்று யோசித்தார். எந்தெந்த நாள் என்று நான் கேட்டேன். வெள்ளைத்தாள் கொடுத்ததெல்லாம் மீன் நாட்கள். விஷயத்தைச் சொன்னேன். “இந்த மாத்திரைக்குப் பத்தியமே கிடையாதே! தினமும் போட்டாத்தான் தினமும் வேலை செய்யும். மீன் தாராளமா சாப்பிடட்டும். பசி குறையும், அதனால நல்லா சாப்பிட வைங்க” என்றார். மாமா தரையைப் பார்த்தார். கீர்த்தி மட்டும், “அம்மா கூடாதுன்னாங்க” என்றாள்.

அன்றிலிருந்து அவள் மீனையே விட்டுவிட்டாள். மாத்திரையை ஒழுங்காகப் போட்டாள், பாடத்தில் நின்றாள், ஆனால் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. மாத்திரையில் பசி போய்விட, மீன் இல்லாமல் வேறு எதைச் செய்து போட்டாலும் இரண்டு வாயோடு சரி. எடை இப்படியே இறங்கினால் மாத்திரையை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அடுத்த வருஷம் பத்தாவது. கெஞ்சினேன், திட்டினேன், உன் படத்துக்கு முன்னால் நின்று உன்னையும் திட்டினேன். ஒரு வார்த்தை வந்து சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும் உனக்கு?

கடைசியில் ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். “உங்கம்மா தினம் சுகர் மாத்திரை போட்டுட்டுத்தானேடி வஞ்சிரம் சாப்பிட்டா? ‘என் உடம்பு கட்டை, தாங்கும்’னு சொல்லுவாளே, மறந்துட்டியா?”

“மறக்கல சித்தி” என்றாள். “அன்னிக்கும் மாத்திரை போட்டுட்டு மீன் சாப்பிட்டுத்தான் படுத்தாங்க. எழுந்துக்கவே இல்லையே.”

நாங்கள் பிடிவாதம் என்று நினைத்தது அத்தனையும் பயம், அக்கா. நெஞ்சடைப்புக்கும் மீனுக்கும் சம்பந்தமில்லை என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். தலையை ஆட்டினாள். தட்டைத் தள்ளினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கோவளத்துக்கு விரட்டினேன். மதியம் அவளை எதிரில் உட்காரவைத்து, என் பிரஷர் மாத்திரையை அவள் கண்முன்னே விழுங்கினேன். பிறகு சோற்றைப் பிசைந்து மீனோடு சாப்பிட்டேன். அவள் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஃபோன் அடித்தது, தெருவில் நாய்கள் சண்டை போட்டன, மாமா டிவியைப் போட்டு அணைத்தார். அவள் தலை திரும்பவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாத உன் மகள், பொழுது சாயும்வரை அசையாமல் இருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் பயந்துவிடுவாளே என்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணும் ஆகலல்ல சித்தி?”

“ஆகலடி.”

“நாளைக்கும் ஆகாதுல்ல?”

திங்கட்கிழமை இட்லியைப் பழைய மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். மாத்திரையையும் போட்டுக்கொண்டாள். வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, இவள் செருப்போடு மாடிக்கு ஓடிவந்து என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப்போனாள்.

அதிலிருந்து தினமும் பார்க்கிறாள். தலை வலித்தால்கூட நான் அவள் எதிரில் நெற்றியைத் தொடுவதில்லை. நேற்று இருமல் வந்தது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருமினேன். நீ பாட்டுக்குப் போய்விட்டாய் அக்கா. எனக்கு இனி ஒன்றும் ஆகக்கூடாது.