ஒன்றரைப் பேர்

என் கப்பல்காரருக்கு,

நம் இருவர் பேரிலும் வீட்டை வாங்கியாயிற்று. போனில் நீங்கள், "உனக்குப் பிடிச்சா போதும்" என்று நழுவிவிட்டதால் இனி குறை சொல்லக்கூடாது.

"எத்தனை பேரும்மா?" என்றார் தரகர். வருடத்தில் ஆறு மாதம் கடலில் இருப்பவரை எப்படி முழு ஆளாகச் சேர்ப்பது? "ஒன்றரைப் பேர்" என்றேன். அவர் அரையைக் குழந்தை என்று நினைத்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே வீடு காட்டிவிட்டார்! சின்ன அறைக் கதவில் யாரோ பிள்ளையின் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்திருந்தார்கள். விழுந்து விழுந்து சிரித்தேன்.

நேற்று பெயின்டர் அந்தக் கோடுகளை அழிக்கப் போனார். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். "இருக்கட்டும் அண்ணா" என்றேன்.

இந்த முறை முழு ஆளாக வந்து சேருங்கள். அந்த அரை இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இப்படிக்கு,
வீட்டுக்காரி