சிவப்பு வண்டிக்குப் புது கிளட்ச்

அண்ணா,

முதலில் மன்னித்துவிடு. நீ இருந்தபோது உன் வாட்ஸ்அப் செய்திகளுக்கு 'சரி' என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதாதவள், நீ போய் ஒன்பது மாதம் கழித்து இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் துப்பட்டாவில் ஒரு கருகல் வாடை இருக்கிறது. இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. அதுதான் எழுத வைத்தது.

உன் சிவப்புக் காரின் கிளட்ச் வாடை அது. போன வாரம் போளூர் ரோட்டில் எடுத்துப் போனேன். நீ பிடிவாதம் பிடித்து எடுக்க வைத்த லைசென்ஸ் சும்மா கிடக்கிறதே என்றுதான். மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. புகை வேறு. கரும்பு லாரிக்காரர்கள் இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளி ஓரமாக விட்டார்கள்.

அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். "அவன் இல்லாத வண்டி நமக்கு எதுக்கும்மா? போளூர்காரர் ஒருத்தர் கேட்டுகினே இருக்கார். ஞாயித்துக்கெழம வரச் சொல்லிடறேன்" என்றார். அம்மா தறியைவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

நான் வாய் திறந்தேன் அண்ணா. நம்பமாட்டாய். "வந்தவாசி ஸ்கூல்ல ஜூன்லேர்ந்து வேலைப்பா. ரெண்டு பஸ் மாறணும். வண்டி சரியானா நானே ஓட்டிகினு போறேன்" என்றேன்.

"நீயா?" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பஜார் வழியா என்னை இட்டுகினு போய் இட்டுகினு வா. அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கோட்டைப் பக்கம் இருக்கும் மெக்கானிக் பாய் கடையில் விட்டேன். மறுநாள் மதியம் அவர் கியர்பாக்ஸை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். கையில் ஃபிளைவீல் இருந்தது. "இது இன்னா வேலைம்மா? யார் செஞ்சது?" என்றார். சக்கரத்தின் நடுப்பகுதி தேய்த்த தட்டு மாதிரி மெலிந்திருந்தது. ஒரு போல்ட் துளையிலிருந்து முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது. "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா இது வெடிச்சி கால்ல பூந்திருக்கும். நல்ல வேளை, கிளட்ச் முன்னாடி போச்சி" என்றார்.

யார் செய்தது என்று எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

நினைவிருக்கிறதா? அரிசி மில்லுக்கும் பவர்லூமுக்கும் வேலை செய்யும் லேத் பட்டறை. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் அந்த இரும்புச் சக்கரத்தின் கனம் குறைந்தால் மிதித்தவுடன் வண்டி துள்ளும் என்று நீ வீடியோவில் பார்த்திருந்தாய். வீட்டிலிருந்து பட்டு நிறுக்கும் தராசையும் தூக்கி வந்திருந்தாய். நம் வீட்டில் எதற்கும் அதுதானே வழி. வாங்கிய பட்டின் எடையும் கொடுத்த சேலையின் எடையும் சரியாக இருந்தால் வேலை சரி. லேத்காரர் ஒவ்வொரு முறை கடைந்ததும் நீ நிறுத்துப் பார்த்தாய். அவர், "ஓரத்துல பல்லு கீது தம்பி, கை வெச்சா பேஜாரு. நடுவுல எடுக்கறேன், ஈஸி" என்று நடுவிலேயே கடைந்துகொண்டிருந்தார். ஏழு கிலோ ஐந்தரை ஆனதும் நீ தராசைப் பார்த்துக் கை தட்டினாய்.

பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா பாப்பா, நீதான் பிசிக்ஸு. சரியாத்தான கீது?" என்று கேட்டாய்.

அந்த செமஸ்டரில்தான் அந்தப் பாடம் நடந்திருந்தது. சுற்றும் பொருளில் எவ்வளவு எடை என்பதைவிட அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் பெரிது. நடுவில் ஒன்றரைக் கிலோ எடுத்தாலும் வேகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது, சக்கரம்தான் பலவீனமாகும். எனக்குத் தெரியும் அண்ணா. பட்டறையில் ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அன்று மாலை வந்தவாசி சாலையில் போகும்போது, "வித்தியாசம் தெரியுது பாத்தியா?" என்றாய். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன். அந்தச் சக்கரத்தின் மேல்தான் நீ ஒரு வருடம் ஓட்டினாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை. உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல்தான், வண்டி இல்லை. ஆனாலும் அந்த விரிசலைப் பார்த்த நிமிஷம் பாய் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய், "கம்பெனி வீலே போட்டுடலாம். உனக்கு எதுக்கும்மா ரேசு?" என்றார். நியாயமான பேச்சு. கனம் குறைந்த லைட் வீல் போட்டால் கிளட்சை விடும்போது கொஞ்சம் தப்பினாலும் வண்டி அணைந்துவிடும். பஜாரில் பத்தடிக்கு ஒரு முறை நிற்க வேண்டியவளுக்கு அது தலைவலிதான்.

இருந்தும் லைட் வீல்தான் கேட்டேன். உன் ஆசைக்காக என்று சொன்னால் அது பொய். மூன்றாவது கியரில் நீ மிதிக்கும்போது முதுகு சீட்டில் ஒட்டுமே, அது எனக்குப் பிடிக்கும். ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பேன்.

கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு போன் செய்தேன். எடுத்தவர், "நாலு கிலோதான் மேடம், செம லைட்டுங்க" என்றார். "எடையை எங்க குறைச்சிருக்கீங்க? ஓரத்திலயா, நடுவிலயா?" என்று கேட்டேன். "ஏனுங்க மேடம், வண்டி ஓட்டறவங்க யாராச்சும் பக்கத்துல இருந்தா குடுங்களேன்" என்றார். "நான்தாங்க ஓட்டறது" என்றேன். பிறகு முதலாளியே வந்து பேசினார். ஒரே துண்டு ஸ்டீலில் செய்தது, நடுப்பகுதி தடிமன் குறையாமல் ஓரத்தில் கடைந்தது, ரேசுக்கு நாலு கிலோ, ரோட்டுக்கு ஐந்தரை என்றார். ஐந்தரை சொன்னேன். நீ தராசில் பார்த்துக் கை தட்டிய அதே எடை. எடுத்த இடம்தான் வேறு.

கிளட்ச் தட்டிலும் யோசித்தேன். ரேஸ்காரர்கள் போடும் செராமிக் வகை நன்றாகப் பிடிக்குமாம். பாய் கையை ஆட்டினார். "அது புடிச்சா படார்னு புடிக்கும்மா. சிக்னல்ல வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி குதிக்கும். உங்க அப்பா அன்னிக்கே வித்துடுவார்" என்றார். அதனால் தட்டு சாதாரணமானது, அதை அழுத்தும் பிரஷர் பிளேட் மட்டும் ஒரு படி கூடுதல் அழுத்தம் உள்ளது. வீலையும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்து பேலன்ஸ் பார்த்து, அடையாளக் கோடு போட்டு அனுப்பும்படி கோயம்புத்தூர் கடையில் சொன்னேன். கோடு கோட்டோடு சேர்ந்ததா என்று பாய் மாட்டும்போது குனிந்து பார்த்தேன். "மேஸ்திரி வந்துட்டாங்கப்பா" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காந்தி சிலை தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை அணைந்தது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர், "ஜல்தி போம்மா, பொழுது போயிடும்!" என்று கத்தினார். நான் சாவியைத் திருகி மறுபடி எடுத்தேன். மூன்றாவது முறையும் அணைந்தபோது அப்பா மெதுவாகக் கேட்டார். "இத்தினி பேர் பாக்கறாங்களே, உனக்குக் கூச்சமா இல்லியா?"

"இருக்குப்பா" என்றேன். எடுத்தேன். அதற்குப் பிறகு அணையவில்லை.

திரும்பும்போது வந்தவாசி சாலையில் கொஞ்ச தூரம் போனோம். ஆள் இல்லாத இடத்தில் மூன்றாவது கியரில் மிதித்தேன். அப்பாவின் முதுகு சீட்டில் ஒட்டியது. அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கியதும், "போளூர்காரருக்கு நீயே போன் பண்ணி இல்லைன்னு சொல்லிடு" என்றார். இரண்டு அடி வைத்து நின்றார். "ஆர்சி புக் அவன் பேர்ல கீது. அதுலேர்ந்து அவன் பேரை எடுக்க எனக்குக் கை வரல. நீயே அவன்கிட்ட கேட்டுக்கோ."

போளூர்காரரிடம் சொல்லிவிட்டேன். ஆர்சி பெயர் மாற்ற மனு வாங்கி வைத்திருக்கிறேன். பெயர் எழுதும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. உன்னிடம் நான் எதையும் கேட்டு வாங்கியதே இல்லை, கேட்பதற்கு முன்பே நீ கொடுத்துவிடுவாய். இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன்.

வண்டியை எனக்குக் குடுத்துடுண்ணா.