சாயக்கழிவும் முடி எண்ணெயும்

12, செவ்வாய்
வெயில் கொளுத்துகிறது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. இணையக் கலைக்களஞ்சியத்தில் மறுபடியும் விளம்பரக் குப்பை. எங்கள் குமாரபாளையம் பற்றிய பக்கத்தில் முடி வளரும் எண்ணெய், சங்ககிரியில் வசிய ஜோசியர், எடப்பாடியில் உடனடிக் கடன். எல்லாம் இன்று முளைத்த பயனர் கணக்குகள். சம்பளமில்லாத நிர்வாகி வேலைக்கு நானே கை தூக்கினேன், யாரைச் சொல்ல?

மதியம் பொறுமை போய்விட்டது. புதுக் கணக்குகள் இன்று எழுதிய அத்தனையையும் மொத்தமாக நீக்கினேன். கணக்குகளுக்குத் தடை, பக்கங்களுக்குப் பூட்டு. எதையும் படித்துப் பார்க்கவில்லை.

வாங்க வேண்டியது: கொசுவத்தி, தக்காளி அரை கிலோ.

13, புதன்
காலையில் மின்னஞ்சல். செல்வி என்று ஒருவர். "ஏனுங்க, எங்க கெணத்துத் தண்ணி செவப்பா வருது, சாயக்கழிவுதானுங்க. பேப்பர்ல வந்ததெல்லாம் ஆதாரம் வெச்சுத்தான் எழுதுனேன். என்னையும் எண்ணெய் விக்கிறவன்னு நெனச்சுட்டீங்களா?"

பார்த்தேன். குமாரபாளையம் பக்கத்தில் நான்கு வரி, மூன்று ஆதாரம். சுத்தமான எழுத்து. குப்பையோடு சேர்த்து வாரிக் கொட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டுத் தடையை எடுத்தேன்.

பத்தியைத் திருப்பி வைக்கவில்லை. அண்ணனுக்குச் சாயப்பட்டறை. அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். சொந்தக்காரர் தொழில் சம்பந்தப்பட்டதில் நிர்வாகி கை வைக்கக் கூடாது, எல்லாரும் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் உறவைச் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். எங்கள் விதி. நான் இதுவரை சொன்னதில்லை.

சாப்பிடும்போது அண்ணன்: "அம்மிணி, அந்தச் சாயக்கழிவு சமாச்சாரத்தத் தூக்கிட்டியாமா? பட்டறைக்காரங்களுக்கெல்லாம் ஒரே சந்தோசம். நம்ம ஊட்டுப் புள்ளைன்னா சும்மாவா!"
"தெரியாமப் பண்ணிட்டனுங்ணா."
"செரி, அப்படியே இருக்கட்டும்."
தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன்.

14, வியாழன்
மேகமூட்டம். மழை மட்டும் இல்லை. ஆபீசுக்கு லீவு.

பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: அண்ணனுக்குப் பட்டறை இருக்கிறது, நீக்கியது என் தவறு, வேறு நிர்வாகி முடிவு செய்யட்டும். உடனே ஒருவர், "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" இன்னொருவர், "சாயப்பட்டறை வீட்டு ஆள் கையிலா பூட்டு?" வருடக்கணக்காகக் குப்பை அள்ளியவளுக்கு மரியாதையைப் பார். கேள்வி நியாயமானது. அதுதான் இன்னும் எரிச்சல்.

மதுரைக்கார நிர்வாகி ஆதாரங்களைப் படித்துவிட்டுப் பத்தியைத் திருப்பி வைத்தார். பூட்டையும் எடுத்தார். செல்வியிடமிருந்து, "நன்றிங்க." அவ்வளவுதான்.

15, வெள்ளி
கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. தலைவலி.

பத்தி மறுபடியும் காணோம்! பயனர் கணக்குத் தொடங்காமலே யாரோ வந்து நான்கு முறை நீக்கியிருக்கிறார்கள். மதுரைக்காரர் நான்கு முறையும் திருப்பி வைத்திருக்கிறார். நீக்கியவரின் இணைய எண்ணை (ஐ.பி.) பார்த்தேன். எங்கள் வீட்டு வைஃபை.

மதுரைக்காரருக்கு எழுதினேன்: "இது எங்கள் வீட்டு எண். தடை போடுங்கள்." போட்டார்.

கீழேயிருந்து அண்ணன் சத்தம்: "ஏம்புள்ள, இந்த நெட்டுக்கு என்னாச்சு? அந்தப் பக்கத்துல கையே வெக்க உடமாட்டீங்குது!"

மாடிப்படியில் நின்று சொன்னேன்: "நாந்தானுங்ணா தடை போடச் சொன்னேன்."