முற்றத்தில் அப்பா

ஆவணி 9, செவ்வாய்.

அப்பாவை வைத்த ஃப்ரீசர் பெட்டி வீட்டுக்குள் போகவில்லை. பூட்டன் காலத்துப் பலாமர வாசல் நிலை, குறுகலும் குட்டையும். ஒவ்வொருவராகக் குனிந்துதான் நுழைய வேண்டும். நாலு பேர் பிடித்துச் சரித்தும் பார்த்தோம். கடைசியில் முற்றத்துப் பந்தலிலேயே வைத்துவிட்டோம்.

மூன்று வருடம் முன்பு, பக்கவாதத்தில் விழுந்த அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாங்கி வந்தேன். அதுவும் இந்த நிலையில்தான் முட்டி நின்றது. நிலையை அறுத்து அகலமாக்கலாம் என்றேன். "நெலையில வாள் வச்சா வீடு வெளங்காதுலே" என்றார் அப்பா. நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து அம்மா முற்றத்தைப் பார்க்கவில்லை. நாற்காலி தொழுவத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது.

இன்று தம்பி சொன்னான்: "ஆசாரிய விளிக்கட்டா அண்ணே? அரை மணிக்கூர்ல அறுத்திரலாம்." நான் உடனே சரி என்றேன். எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டேன்.

உள்ளே கட்டிலில் கிடந்த அம்மாவுக்கு அது கேட்டிருக்கிறது. அருகில் போய், "தூக்கிட்டுப் போயி அப்பாவக் காட்டட்டாம்மா?" என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழறலாகச் சொன்னாள்:

"அவியளுக்காவ வெட்டாண்டாம் மக்கா. நான் செத்து என்னைய எடுக்கச்சில வெட்டுனா போரும்."