போனை எடுக்காத மாமாவுக்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம். இந்த வரியை எழுத முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். உன் மருமகள், அந்த வாலு, நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகப் பால் வேண்டாம் என்று அடம். திட்டக்கூட மனசு வரவில்லை.

நீயோ போனையே எடுப்பதில்லை. "நான் வாங்கிக் கொடுத்த கிளியாலதானே எல்லாம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டால் எப்படி? அதனால்தான் கடிதம். முழுதாகப் படி.

சாதாரண நிமோனியா என்றுதான் முதலில் மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. மூச்சுக்குத் திணறினாள், ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டில் நாய், பூனை, பறவை ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா வந்த அன்றே கேட்டார். கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். நீ வாங்கிக் கொடுத்த கிளி, நம் வக்கீல், எதிர்ப்பேச்சு பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது உன் அத்தானின் போன் ரிப்பேர் கடையில்தானே, வீட்டில் இல்லையே!

அப்புறம்தான் நீ போனில் வக்கீலை விசாரித்தாய். இரை எடுக்காமல் சிலிர்த்துக்கொண்டு கிடக்கிறது என்றேன். "அதையும் டாக்டர்கிட்ட சொல்லுக்கா" என்றாய். பிள்ளை இந்த நிலையில் கிடக்கிறாள், உனக்குக் கிளிக் கவலையா என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் சொன்னேன். டாக்டரம்மா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கூண்டை யார், எப்படிச் சுத்தம் செய்வார்கள் என்று கேட்டார். உன் அத்தான் பெருமையாக விளக்கினார்: போனுக்குள் இருக்கும் தூசியை ஊதித் தள்ளும் புளோயரை எடுத்து, காய்ந்த எச்சத்தையெல்லாம் பாப்பாவே ஒரு நொடியில் பறக்கவிட்டுவிடுவாளாம்! டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கிளிகளிடமிருந்து தொற்றும் கிருமியாம். நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். குழந்தைகளுக்கு வருவது ரொம்ப அபூர்வமாம், வழக்கமான மருந்துக்கு மசியாதாம். பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே மருந்தை மாற்றினார். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பதே கஷ்டமாம்.

வக்கீலும் பிழைத்துக்கொண்டான். கால்நடை டாக்டரிடம்தான் இருக்கிறான், கிட்டத்தட்ட அதே மருந்துதான் அவனுக்கும். "அவனுக்கு மட்டும் தண்ணியில கலந்து தர்றாங்க, எனக்கு மட்டும் மாத்திரையா" என்று வாலு ஒரே சண்டை. இனி புளோயரைக் கூண்டுப் பக்கம் கொண்டுபோனால் கையை உடைப்பேன் என்று அப்பனுக்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

கிளி வாங்கிக் கொடுத்தது நீதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அத்தனை களேபரத்திலும் அந்த வாயில்லா ஜீவனை நினைத்துக் கேட்டதும் நீ ஒருவன்தான். நீ கேட்டதால்தான் என் பிள்ளை இன்று என் பக்கத்தில் தூங்குகிறாள். உனக்கு நான் எப்படிடா நன்றி சொல்வேன்?

அவளுக்கு இருமல் இன்னும் முழுதாக விடவில்லை. ஏதோ ஒரு வாக்கியத்தை இருமாமல் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து சுவரைப் பார்த்துப் பழகினாள். என்ன என்று கேட்டால் மாமாவிடம்தான் சொல்வாளாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். எடுத்துவிடுடா கண்ணா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா