கவனிக்காமல் போன அம்மை

மார்ச் 8, ஞாயிறு
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. முக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன். அம்மா புளிக்குழம்பு. அண்ணன் மகள் நித்யாவுக்கு லேசாகக் காய்ச்சல். மத்தியானம் முழுக்க என் மடியில்தான் தூக்கம். மதினி, "அத்தைக்கு வயித்துல பிள்ளை இருக்குல்லா, பைய படுட்டி" என்றாள். நாலாம் மாதம். போன தடவை மூன்றிலேயே கலைந்தது.

10, செவ்வாய்
அம்மா போன். "கொஞ்ச நாளைக்கு இங்கன வராத. ஏன்னு கேக்காத." வைத்துவிட்டாள். மதினியோடு ஏதோ சண்டை போல. எனக்கென்ன. பால் பாக்கெட், தைக்கக் கொடுத்த ஜாக்கெட், கரண்ட் பில்.

12, வியாழன்
நானே மதினியைக் கூப்பிட்டேன். இழுத்து இழுத்து, "புள்ளைக்கு மொகமெல்லாம் முத்து. அம்மா வந்திருக்கா. போன்ல சொல்லப்பிடாதுன்னு அத்தை..."

அம்மை. என் மடியில் படுத்திருந்தாளே. பயந்துவிட்டேன்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டரம்மா திட்டவில்லை. "உங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா?" அங்கிருந்தே அம்மாவைக் கேட்டேன். "இல்லட்டி. ஒங்கண்ணனுக்குப் போட்டப்ப உன்ன ஸ்ரீவைகுண்டத்துல சித்தி வீட்டுல கொண்டு விட்டுட்டோம்லா."

ரத்தம் எடுத்தார்கள். எப்போதாவது வந்திருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்குமாம், பயமில்லை. இல்லாவிட்டால் உடனே ஊசி. அதற்குப் பிறகும் வயிற்றுப் பிள்ளைக்கு உறுதி சொல்ல முடியாதாம்.

13, வெள்ளி
ரிசல்ட் நாளைக்குத்தான். ஆபீஸில் கூட்டல் தப்பு, இரண்டு இடத்தில். வீட்டுக்கு வந்தால் அத்தான் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். நேற்றும் அதையேதான் துடைத்தார்.

14, சனி
எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. நம்பாமல் லேபில் மறுபடி கேட்டேன். "ரொம்ப முந்தியே வந்துட்டுப் போயிருக்குக்கா. புதுசா எதுவும் இல்ல." சிலருக்கு ஒன்றிரண்டு கொப்புளத்தோடு போய்விடுமாம். டாக்டரம்மாவும் பயமில்லை என்றுவிட்டார். ஆட்டோவில் அழுதேன். டிரைவர் பாட்டைக் குறைத்தார்.

அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். "அம்மா எப்பட்டி வந்தா? ஒரு வேப்பிலை வைக்கல, ஒரு தண்ணி ஊத்தல."

"அதான் ஒண்ணும் ஆகலைல்லாம்மா."

"உனக்கு ஆகல. வந்தவள யாரு கவனிச்சா?"

இவளிடம் என்ன பேச.

15, ஞாயிறு
காலையிலேயே அம்மா போன். அம்மை இறங்கியதற்கு வெள்ளிக்கிழமை நித்யாவுக்கு மூணாம் தண்ணி ஊற்றுகிறார்களாம். "நீயும் வந்து தலைய நீட்டு." மாட்டேன் என்றேன். நீர்மோர் இரண்டு தம்ளர்.

20, வெள்ளி
லீவு போட்டு முக்கூடல். வாசலில் வேப்பிலை. பொருக்கெல்லாம் உதிர்ந்து நித்யா மெலிந்திருந்தாள். முற்றத்தில் இரண்டு பலகை. அவள் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்து, வெயிலில் காய்ந்த மஞ்சள் தண்ணீரை அம்மா எனக்கும் ஊற்றினாள்.

"அத்தைக்கும் அம்மா வந்தாளா ஆச்சி?" என்றாள் நித்யா.

"வந்துட்டுப் போயிருக்கா. நாந்தான் பக்கத்துல இல்ல."

அடுத்த செம்பை அம்மா உடனே ஊற்றவில்லை. ஈரக் கையை என் வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள்.